கேஜ் கழுத்தில் குமிழி: ஸ்கூபா ஹை-பிரஷர் ஹோஸ் கசிவை அறிகுறி பார்த்து நீக்கும் முறை

வால்வைத் திறந்ததும் எங்கோ ‘ஸ்ஸ்’ என்று சத்தம். கை தானாக ஸ்பேனருக்குப் போகும். சத்தம் வரும் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். சிலிண்டரின் அழுத்தத்தை அப்படியே கேஜுக்குக் கொண்டுபோகும் ஹை-பிரஷர் ஹோஸ்களில் இந்தப் பழக்கத்தால் கெட்டுப்போகும் பாகங்கள் ஏராளம்.

இந்த இணைப்புகளில் 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) காற்றை அடைத்து நிறுத்துவது ரப்பர் ஓ-ரிங். இரண்டு பாகங்களும் பிரியாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் மரையின் வேலை. உள்ளே காற்று ஏறும்போது அந்த அழுத்தமே ரிங்கைப் பள்ளத்தின் எதிர்ச்சுவரோடு தள்ளி வழியை மூடுகிறது. ரிங் நல்ல நிலையில் இருந்து, அது தொடும் உலோகம் கீறலில்லாமல் இருந்து, நடுவில் மணலோ நூலோ சிக்காமல் இருந்தால் லேசான இறுக்கமே போதும். இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் எவ்வளவு முறுக்கினாலும் காற்று வரத்தான் செய்யும். அதனால் முதல் வேலை, குமிழி எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பது.

ஹோஸ், அதன் இரண்டு முனைகள், கேஜ், டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தைக் கம்பியில்லாமல் டைவ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கருவி) ஆகியவற்றில் நீங்களே செய்யக்கூடியதை இங்கே சொல்கிறோம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜை (சிலிண்டர் வால்வில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் பகுதி) பிரிப்பது பயிற்சி பெற்ற டெக்னீஷியனின் வேலை. அதை அவரிடமே விடுங்கள்.

எதையும் கழற்றுமுன்

வால்வை மூடுங்கள். செகண்ட் ஸ்டேஜில் (வாயில் வைத்து மூச்சு விடும் பகுதி) காற்றை வெளியேற்றும் பர்ஜ் பட்டனைக் காற்று முற்றிலும் நிற்கும் வரை அழுத்துங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அப்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஹோஸின் உள்துளை உப்பாலோ களிம்பாலோ அடைபட்டிருந்தால், பர்ஜ் செய்த பிறகும் ஹோஸுக்குள் காற்று சிறைப்பட்டு நிற்கும். முள் பூஜ்யத்துக்கு இறங்காமல் நின்றால் அதைக் கேஜின் கோளாறு என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நட்டைக் கால் சுற்று தளர்த்தி, நிறுத்தி, சீற்றம் அடங்கிய பிறகு மேற்கொண்டு திருப்புங்கள்.

வால்வைத் திறக்கும்போது கேஜின் கண்ணாடியும் முதுகும் யாரையும் பார்த்திருக்கக் கூடாது. உள்ளே குழாய் வெடித்தால் அழுத்தம் வெளியேறுவதற்காக முதுகில் ஒரு சிறிய அடைப்பான் வைத்திருப்பார்கள். அது தெறிக்கும். கேஜைக் கீழே, பக்கவாட்டாகத் தொங்கவிட்டு வால்வை மெதுவாகத் திறங்கள். முள் ஏறி நின்ற பிறகு கையில் எடுத்துப் பாருங்கள்.

கசிவைப் பிடிக்க இரண்டு சோதனைகள்

முதலாவது மூழ்கு சோதனை. முழு அழுத்தத்தில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜையும் ஹோஸ்களையும் கேஜையும் தெளிந்த நல்ல தண்ணீரில் அமிழ்த்துங்கள். உடனே வரும் குமிழிகளை நம்பாதீர்கள். ஹோஸ் உறைக்கும் கேஜைப் பொதிந்திருக்கும் கன்சோல் ரப்பருக்கும் அடியில் தங்கிய காற்று இரண்டு நிமிடம்வரை வந்துகொண்டே இருக்கும். உறைகளைப் பின்னுக்கு இழுத்து, ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் வழித்துவிட்டுக் காத்திருங்கள். வழித்த இடத்திலேயே மறுபடி குமிழி கட்டினால் அதுதான் கசிவு. படகில் பக்கெட் இல்லாவிட்டால் பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து தடவலாம். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

இரண்டாவது மூடு சோதனை. வால்வைத் திறந்து முள்ளை ஏற்றி, ஒரு நிமிடம் பொறுத்து வால்வை மூடுங்கள். முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஹோஸுக்குள்ளும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள்ளும் நிற்கும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால், கண்ணுக்குத் தெரியாத கசிவுகூட முள்ளை நன்றாக இறக்கிவிடும். ஆனால் செகண்ட் ஸ்டேஜோ, மிதவை ஜாக்கெட்டில் காற்றேற்றும் இன்ஃப்ளேட்டரோ கசிந்தாலும் இதே முள்தான் இறங்கும். கசிவு உண்டா இல்லையா என்பதை மூடு சோதனை சொல்லும். எங்கே என்பதை மூழ்கு சோதனை சொல்லும். இரண்டையும் செய்யுங்கள்.

அறிகுறி: கேஜும் ஹோஸும் சேரும் கழுத்தில் குமிழி

எல்லாக் கசிவுகளிலும் அதிகம் பார்ப்பது இதுதான். ஹோஸின் நட்டுக்குள் ஸ்பூல் என்ற ஒரு சிறிய பித்தளை ஊசி இருக்கிறது. நடுவே நீளவாக்கில் மெல்லிய துளை, இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு ஓ-ரிங். ஒரு முனை கேஜுக்குள்ளும் மறு முனை ஹோஸுக்குள்ளும் செருகியிருக்கும். கேஜைக் கையில் திருப்பிப் பார்க்க முடிவது இந்த ஸ்பூலால்தான். திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த ரிங்குகள் உரசுகின்றன. ஒரு ரிங்கின் மொத்த அளவு கொத்தமல்லி விதை அளவுதான். 200 பார் அதன் மேல் நிற்கிறது.

பெரும்பாலான ஹோஸ்களில் இந்த ரிங் ஏஎஸ்568 என்ற ஓ-ரிங் தரப் பட்டியலில் 003 அளவு: உள்விட்டம் 1.42 மி.மீ., தடிமன் 1.52 மி.மீ. கடினம் 90 டியூரோ (ரப்பர் கடினத்தின் அளவு) இருக்க வேண்டும். 70 டியூரோ ரிங் உள்ளே சுலபமாகப் போகும். முழு அழுத்தத்தில் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். சில தயாரிப்பாளர்கள் வேறு அளவு வைக்கிறார்கள். அதனால் பழையதைத் தூக்கிப் போடுமுன் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிங்குகள் ஸ்பூலின் பக்கவாட்டில்தான் அடைக்கின்றன. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் ரிங்கின் மேல் அழுத்தம் ஒரு துளிகூட அதிகரிக்காது. கேஜ் சுழலாமல் இறுகிப்போகும், அடுத்த முறை அதை யாராவது வலுக்கட்டாயமாகத் திருப்பும்போது மரை கெடும். இந்தக் கழுத்தில் குமிழி வந்தால் ரிங்கை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

தேவையானவை: இரண்டு ஸ்பேனர்கள் (ஹோஸ் நட்டுக்குப் பெரும்பாலும் 14 மி.மீ., கேஜ் கழுத்துக்கு அளவு மாறும் என்பதால் ஒரு சிறிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்), பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஓ-ரிங் குச்சி, 003 ரிங் இரண்டு, மாற்று ஸ்பூல் ஒன்று, சிலிகான் கிரீஸ், நூல் உதிராத துணி, ஒரு பூதக்கண்ணாடி. சேஃப்டி பின், குண்டூசி, இரும்புக் கத்தி முனை எதையும் உள்ளே விடாதீர்கள். ரிங்கை எடுக்கப் போய்ப் பித்தளையில் கோடு போட்டுவிட்டால், அதன் பிறகு எத்தனை புதிய ரிங் போட்டாலும் நிற்காது.

அழுத்தத்தை இறக்கிய பிறகு கன்சோல் ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி, கேஜ் கழுத்தின் தட்டையான பக்கங்களில் ஒரு ஸ்பேனரையும் ஹோஸ் நட்டில் மற்றொன்றையும் மாட்டுங்கள். கேஜின் வட்ட உடலைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் முறுக்கம் முழுவதும் உள்ளிருக்கும் குழாய்க்குப் போகும், அளவு தவறிவிடும். நட்டைக் கழற்றினால் ஸ்பூல் ஏதோ ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் இழுங்கள். வராவிட்டால் துணியைச் சுற்றி இழுங்கள். கொறடு வேண்டாம்.

இப்போது ஸ்பூலை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். இந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். சுற்றுவட்டமாக ஓடும் பளபளப்பான கோடு தேய்மானத்தால் வந்தது. நகத்தில் தட்டாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் ஓடும் கீறல் மயிரிழை அளவு இருந்தாலும் ஆபத்து. காற்று ரிங்கின் அடியில் நுழைந்து மறுபக்கம் போவதற்கு அது நேர் வாய்க்கால். நீளக் கீறல் இருந்தால் ஸ்பூலையே மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. பழைய ரிங்கையும் பாருங்கள். பக்கம் தட்டையாகியிருந்தால் வயது முடிந்துவிட்டது. ஓரத்தில் பிசிறு கிளம்பியிருந்தால் இடுக்கில் பிதுங்கியிருக்கிறது: ரிங் மென்மையானது, அல்லது ஸ்பூல் உட்காரும் துளை தேய்ந்துவிட்டது. ஒரே இடத்தில் வெட்டு இருந்தால் மாட்டும்போது மரையில் உரசியிருக்கிறது.

கேஜுக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் ஸ்பூல் உட்காரும் துளைகளைத் துணியால் துடையுங்கள். பஞ்சுக் குச்சி பயன்படுத்தினால் நார் ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். இரண்டு ரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். கசிவது ஒன்றுதான் என்றாலும் மற்றதற்கும் அதே வயது. கிரீஸை ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். கட்டியாக அப்பினால் அது மணலைப் பிடிக்கும், மெல்லிய துளையையும் அடைக்கும். ஸ்பூலை முதலில் கேஜுக்குள் நேராகச் செருகி, பிறகு ஹோஸை அதன் மேல் நேராக இறக்கி, நட்டைக் கையாலேயே முட்டும் வரை திருகுங்கள். பிறகு ஸ்பேனரால் லேசாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான்.

வால்வை மெதுவாகத் திறந்து மூழ்கு சோதனை செய்யுங்கள். இன்னும் குமிழி வந்தால் தண்ணீருக்குள்ளேயே கேஜை மெல்லச் சுழற்றுங்கள். சுழற்சிக்கு ஏற்பக் குமிழி கூடிக் குறைந்தால் ஸ்பூலிலோ துளையிலோ ஒரு பக்கம் கீறல் இருக்கிறது. எந்தப் பக்கம் என்று அறிய, நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கேஜை இதே ஹோஸில் மாட்டிப் பாருங்கள். குமிழி கேஜோடு போய்விட்டால் கேஜ் பழுது. ஹோஸோடு நின்றால் ஹோஸ் பழுது. இரண்டுக்கும் மாற்றுதான் தீர்வு.

டெஃப்லான் டேப் சுற்றலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தண்ணீர்க் குழாயின் மரை கூம்பாக இறுகி, இறுக்கத்திலேயே அடைக்கும், டேப் அதற்கானது. இது நேர் மரை. டேப் எதையும் அடைக்காது. அதன் துணுக்குகள் பிய்ந்து துளைக்குள் போகும்.

அறிகுறி: ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஹோஸ் நுழையும் இடத்தில் குமிழி

ஹை-பிரஷர் போர்ட்டின் (ஹோஸ் மாட்டும் துளை) மரை 7/16 அங்குலம், 20 யுஎன்எஃப் (அங்குலத்துக்கு 20 மரை). ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்த அழுத்தம் வரும் லோ-பிரஷர் போர்ட் பொதுவாக 3/8 அங்குலம், 24 யுஎன்எஃப். அளவை வேறுபடுத்தி வைத்ததே ஒன்றை மற்றதில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. பழைய சில ரெகுலேட்டர்களில் ஹை-பிரஷர் போர்ட்டும் 3/8 அங்குலம்தான். லோ-பிரஷர் ஹோஸ் அதில் சுலபமாகத் திருகி உட்காரும். 10 பார் அளவு அழுத்தத்துக்குச் செய்த அந்த ஹோஸில் 200 பார் ஏறினால் வெடிக்கும். பழைய ரெகுலேட்டர் கைக்கு வந்தால் போர்ட் அருகே பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

இந்த இடத்தில் வேண்டியது ஏஎஸ்568-012 ரிங்: உள்விட்டம் 9.25 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ., 90 டியூரோ. பிளம்பிங் கடையில் கிடைக்கும் 9 × 2 மி.மீ. ரிங் பார்வைக்கு இதேபோல இருக்கும். தடிமன் கூடுதலாக இருப்பதால் ஹோஸின் தோள் போர்ட்டோடு முழுதாக முட்டாது, ரிங் வெளியே பிதுங்கும். 011 ரிங் லோ-பிரஷர் போர்ட்டுக்கு உரியது. இதில் இழுத்து மாட்டினால் மெலிந்து, சில டைவ்களில் அறுந்துவிடும்.

முதலில் ஹோஸ் தளர்ந்திருக்கிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். கன்சோலைச் சுருட்டி வைக்கும்போதும், ஹோஸ் ஒரே பக்கமாக முறுக்குண்டு நிற்கும்போதும் இந்த முனை மெல்லக் கழன்று வருவதுண்டு. கையால் திரும்பினால், அழுத்தத்தை இறக்கிவிட்டு முழுதாகக் கழற்றி, ரிங்கைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். அழுத்தம் இருக்கும்போதே இறுக்கினால், ஏற்கெனவே பிதுங்கியிருக்கும் ரிங் இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் வெட்டுப்படும்.

மாட்டும்போது முதலில் அரைச் சுற்று எதிர்த்திசையில் திருப்புங்கள். மரை ‘டக்’ என்று விழும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து விரலாலேயே கடைசி வரை போக வேண்டும். நடுவில் முரண்டுபிடித்தால் மரை கோணலாக ஏறுகிறது. கழற்றி மீண்டும் தொடங்குங்கள். கடைசியில் 16 மி.மீ. அல்லது 5/8 அங்குல ஸ்பேனரால் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஸ்பேனரின் வாய்க்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் போதும். தோள் போர்ட்டோடு முட்டிய பிறகு கூடும் ஒவ்வொரு இழுப்பும் பித்தளை மரையைத்தான் நீட்டும். போர்ட் மரை போய்விட்டால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடலே போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்த போர்ட்டில் இருக்கும் அடைப்புத் திருகையும் பார்க்க மறக்காதீர்கள். அதற்கும் 012 ரிங்தான். ஆண்டுக் கணக்கில் யாரும் தொடாமல் கிடப்பதால் அங்கே ரிங் இறுகிக் காய்ந்திருக்கும். ஹோஸில் வரும் குமிழி என்று நினைப்பது பல நேரம் பக்கத்திலுள்ள இந்தத் திருகிலிருந்து வருவது.

அறிகுறி: ஹோஸின் உடலில் குமிழி, உப்பல், கிரிம்ப் அருகில் கசிவு

இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, ஹோஸை மாற்ற வேண்டியதுதான். ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ரப்பர் ஹோஸில் மூன்று அடுக்குகள் உண்டு: காற்றை அடைக்கும் உள்குழாய், அழுத்தத்தைத் தாங்கும் நூல் பின்னல், மேலுறை. உள்குழாயில் நுண்துளை விழுந்தால் காற்று பின்னலுக்குள் பரவும். அது உறையை ஊதிவிடாமல் வெளியேற வேண்டும் என்று மேலுறையில் ஊசிக் குத்துகள் வைத்திருப்பார்கள். அதனால்தான் ஹோஸின் நீளம் முழுக்க வியர்வை முத்துகள்போல வரிசையாகக் குமிழி கட்டும். குமிழி தெரியும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலுறை உப்பியிருந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் சேர்ந்திருக்கிறது. அந்த ஹோஸை உடனே அழுத்தத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கிரிம்ப் என்பது ஹோஸையும் உலோக முனையையும் இறுக்கிப் பிடிக்கும் வளையம். ஹோஸ் பாதுகாப்பு உறை பெரும்பாலும் இதை முழுதாக மூடியிருக்கும். வளைவைத் தடுக்க வந்த உறை உப்புத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை உறையை இழுத்துப் பாருங்கள். உலோகத்தில் பச்சைக் களிம்பு, ரப்பர் கிரிம்புக்குள் நுழையும் விளிம்பில் வெடிப்பு, கிரிம்புக்கு வெளியே ரப்பர் நழுவி வந்ததன் தடயம் ஆகிய மூன்றையும் தேடுங்கள். களிம்பு மட்டும் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். வெடிப்போ நழுவலோ இருந்தால் ஹோஸ் முடிந்தது. மன்னார் வளைகுடா, திரிகோணமலை, அந்தமான் போல வெயில் ஏறும் படகுத் தளத்தில் கிடக்கும் ரப்பருக்கு ஆயுள் குறைவு. டைவ் முடிந்ததும் நிழலுக்கு மாற்றுவதே பாதிப் பராமரிப்பு.

பின்னல் உறை ஹோஸ்கள் வளைந்து கொடுக்கும், வெளியே வெடிப்புத் தெரியாது. அதே காரணத்தால் உள்ளே கெட்டாலும் தெரியாது. பின்னல் வகை சுவாச ஹோஸ்கள் சிலவற்றில் பாலியூரித்தேன் உள்குழாய் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து படிகத் துகள்களாக உதிர்வதை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்திருக்கிறது. அது லோ-பிரஷர் பக்கத்து விஷயம். ஆனாலும் பின்னல் ஹோஸ் எதையும் ‘வெளியே நன்றாக இருக்கிறது’ என்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். ஹோஸில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியையும் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுளையும் பாருங்கள். 5 ஆண்டு என்று வரம்பு வைப்பவர்கள் உண்டு.

அறிகுறி: குறைந்த அழுத்தத்தில் கசிகிறது, முழு அழுத்தத்தில் நிற்கிறது (அல்லது நேர் எதிர்)

50 பாரில் குமிழி வந்து 200 பாரில் நின்றுவிட்டால் ரிங் காய்ந்து தட்டையாகியிருக்கிறது. அதிக அழுத்தம் அதைச் சுவரோடு தள்ளி ஒட்டவைக்கிறது, குறைந்த அழுத்தத்துக்கு அந்த வலு இல்லை. ‘தானாகச் சரியாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். மாறாக, 150 பாருக்கு மேல் மட்டும் கசிந்தால் ரிங் மென்மையானதாக இருக்கலாம், துளை தேய்ந்திருக்கலாம், அல்லது உள்குழாயில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம். புதிய 90 டியூரோ ரிங் போட்டும் நிற்காவிட்டால் ஹோஸை மாற்றுங்கள்.

அறிகுறி: மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் சரிகிறது

இது கசிவு இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையிலேயே உயிருக்கு மிக நெருக்கமான அறிகுறி இதுதான். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் 10, 20 பார் இறங்கி மீண்டும் ஏறினால் சிலிண்டரிலிருந்து காற்று போதிய வேகத்தில் வரவில்லை. முதலில் வால்வைப் பாருங்கள். முழுதாகத் திறந்து கால் சுற்று பின்னுக்குத் திருப்பும் பழைய பழக்கத்தில், திசை குழம்பி, மூடிக் கால் சுற்று திறந்தபடி தண்ணீரில் இறங்கியவர்கள் உண்டு. மேற்பரப்பில் அந்தக் கால் சுற்றுக் காற்று போதுமானதாகத் தோன்றும். 20 மீட்டரில் அதே மூச்சுக்கு மூன்று மடங்கு காற்று வேண்டும், அங்கே திணறும். வால்வை முழுதாகத் திறந்து அப்படியே விடுங்கள். இறங்குமுன் முள்ளைப் பார்த்தபடி நான்கு ஆழ்ந்த மூச்சு இழுங்கள்.

வால்வு முழுதாகத் திறந்தும் முள் சரிந்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயிலிலுள்ள வடிகட்டி அடைபட்டிருக்கிறது. அதன் நிறமே பாதி பதிலைச் சொல்லும். பச்சை என்றால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செந்நிறத் துரு ஸ்டீல் சிலிண்டரிலிருந்தும், வெண்சாம்பல் பொடி அலுமினிய சிலிண்டரிலிருந்தும், கறுப்புப் பெரும்பாலும் கம்ப்ரஸர் பக்கமிருந்தும் வந்திருக்கும். ரெகுலேட்டர் சர்வீஸுக்குப் போக வேண்டும். சிலிண்டரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: முள் மெதுவாக ஏறுகிறது, ஒட்டிக்கொள்கிறது, பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை

சில விநாடி எடுத்து ஏறுவது இயல்பு. ஹோஸின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முனையைக் கழற்றிப் பார்த்தால் குண்டூசி நுழையாத ஒரு துளை தெரியும். ஹோஸ் வெடித்தாலும் காற்று மொத்தமாகப் போய்விடாமல் தடுப்பதற்காகவே அதை அவ்வளவு சிறிதாக வைத்திருக்கிறார்கள். முன்பு சட்டென்று ஏறிய முள் இப்போது அரை நிமிடம் எடுத்தால் அந்தத் துளையிலோ ஸ்பூல் துளையிலோ களிம்பு அடைத்திருக்கிறது. ஸ்பூலைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி உலர்த்திப் போடலாம். ஹோஸ் முனையின் துளையைக் கம்பி விட்டுப் பெரிதாக்கவே கூடாது, ஹோஸை மாற்றுங்கள்.

அழுத்தம் இல்லாதபோது முள் 10-லோ 20-லோ நின்றால் உள்ளிருக்கும் வளைகுழாய் நிரந்தரமாக வளைந்துவிட்டது. கண்ணாடிக்குள் ஈரம் தெரிந்தாலும் கேஜ் முடிந்தது. சந்தேகம் இருந்தால் நம்பகமான வேறொரு கேஜோடு ஒப்பிடுங்கள். 200 பாரில் மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாதீர்கள், 50 பாரில் அவசியம் ஒப்பிடுங்கள். பிழை உயிரைத் தொடும் இடம் அதுதான்.

அறிகுறி: டிரான்ஸ்மிட்டர் அடியில் குமிழி

ரிங் அதே 012. பழுது வருவது பெரும்பாலும் கையாளும் விதத்தால். டிரான்ஸ்மிட்டரின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து முறுக்கக் கூடாது, அடியில் இருக்கும் உலோக அறுகோணத்தில் ஸ்பேனர் வைக்க வேண்டும். அதைக் கைப்பிடிபோலப் பிடித்து ரெகுலேட்டரைத் தூக்குபவர்களைப் பார்த்தால் உடனே சொல்லித் தடுத்துவிடுங்கள். பலர் கையாளும் வாடகைச் செட் என்றால் 15 செ.மீ. குட்டி ஹோஸ் ஒன்றை இடையில் வைப்பது நல்லது. ஒரு இணைப்பு கூடுகிறது, ஆனால் இடிபட்டு முறிவது குறைகிறது.

அறிகுறி: சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் சீற்றம்

ஹோஸ்மேல் பழி போடுமுன் இதை ஒதுக்கிவிடுங்கள். யோக் வகை (ரெகுலேட்டரின் கவ்வி வால்வைச் சுற்றிப் பிடிக்கும் வகை) வால்வின் முகத்திலுள்ள ரிங் ஏஎஸ்568-014, 90 டியூரோ. ஒவ்வொரு சிலிண்டர் மாற்றத்திலும் அடிவாங்குவது அது. வால்வை மூடி, காற்றை இறக்கி, ரிங்கை மாற்றி, யோக் நேராக உட்கார்ந்ததைப் பார்த்து மாட்டுங்கள்.

எந்தக் கசிவோடு டைவ் போகலாம்?

கணக்குப் போட்டால், விநாடிக்கு 5 மி.லி. கசிவு ஒரு மணி நேரத்தில் 18 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது ஒன்றரை பார். காற்று தீர்ந்துவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. ஆனால் கசியும் ரிங் ஏற்கெனவே தோற்கத் தொடங்கிய ரிங். அது எப்போது முழுதாகப் பிதுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படகிலேயே கண்டுவிட்டால் சரிசெய்த பிறகே இறங்குங்கள். தண்ணீருக்குள் கழுத்தில் ஒற்றைக் குமிழி வரிசையைக் கண்டால் துணைக்குக் காட்டி, அருகருகே இருந்து, டைவை நிதானமாக முடித்து மேலே வாருங்கள். போர்ட்டிலிருந்து குமிழி என்றாலோ ஹோஸ் உப்பியிருந்தாலோ அங்கேயே டைவ் முடிந்தது.

நீருக்குள் ஹோஸ் வெடித்தால் சத்தமும் குமிழித் திரையும் மிரட்டும். ஹை-பிரஷர் ஹோஸ் என்றால் அந்தக் குண்டூசித் துளை உங்களுக்கு நிமிடக் கணக்கில் நேரம் தருகிறது. லோ-பிரஷர் ஹோஸ் வெடித்தால் சிலிண்டர் அதைவிட மிக வேகமாகக் காலியாகும். தலைக்குப் பின்னால் வெடித்தது எது என்று உங்களால் பார்க்க முடியாது. கேஜும் இனி உண்மை சொல்லாது. அதனால் இரண்டுக்கும் ஒரே செயல்தான்: துணையிடம் போங்கள், அவருடைய மாற்று செகண்ட் ஸ்டேஜை வாங்குங்கள், வழக்கமான வேகத்தில் சேர்ந்து மேலே வாருங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை

ஆறு பேர் போகும் படகுக்கு: 014 ரிங் பத்து, 012 ஆறு, 003 பத்து, முழு ஸ்பூல் மூன்று, ஹை-பிரஷர் ஹோஸ் ஒன்று, மாற்று கேஜ் ஒன்று. ரிங்குகளை அளவு எழுதிய சிறு பைகளில் வெயில் படாமல் வையுங்கள். கலந்து கிடந்தால் அவசரத்தில் 011-ஐ எடுத்து 012 என்று மாட்டிவிடுவோம். கிரீஸ் இரண்டு வகை வேண்டும். சாதாரணக் காற்றுக்குச் சிலிகான் கிரீஸ். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் போகும் செட்டுக்குக் கிறிஸ்டோ-லூப் போன்ற ஆக்ஸிஜனைத் தாங்கும் கிரீஸ், அதற்கேற்ற ரிங், அதற்கேற்ற சுத்தம். வாஸலின் எதற்கும் வேண்டாம். ஈபிடிஎம் ரப்பரை அது ஊதிப் பெருக்கும், ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

மாற்றிய தேதியை ஹோஸ் உறையின் உள்பக்கம் அழியாத மையால் எழுதுங்கள். கழித்துப்போட்ட ஹோஸை அப்படியே குப்பைக் கூடையில் போடாமல் நடுவில் இரண்டாக வெட்டிப் போடுங்கள். முனைகள் பளபளப்பாக இருக்கும் ஹோஸை ‘இது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று யாராவது எடுத்து வேறொரு கேஜில் மாட்டிவிடுவார்கள்.